வெந்நீர் வைத்த கை

அத்தியாயம் 9

"தெரிஞ்சே கொதிக்கிற தண்ணியில யாராவது கைய விடுவாங்களா, லினெட்?"

முசே இப்படிக் கேட்டபோது எனக்கு அகோரப் பசி. பசியில் இருக்கிற என்னிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் எழுதப்படாத சட்டம்.

"உங்ககிட்ட வேலைக்குச் சேர்ந்தவங்க விடுவாங்க முசே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நானும் சிரிக்கிற நிலையில் இல்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பாலகுருவின் அப்பீலில் தீர்ப்பு. நாலு நாளாக நாயாக அலைந்து நாங்கள் சேர்த்து வைத்திருந்தது முட்டை.

முசேவின் முழுப் பெயர் அலெக்சாண்டர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஊரே அவரை முசே என்கிறது. துப்பறிவது அவர் தொழில். அவரை ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதும், அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசி ஏச்சு வாங்குவதும் என் தொழில்.

பாலகுரு கட்டுமரத்தில் தனியாகப் போய் மீன் பிடிக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் பத்தாம் தேதி விடிகிற நேரத்தில், நெல்லித்தோப்பில் லூர்துசெல்வி என்கிற தையல்காரம்மா வீட்டுக்குள் ஒருவன் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு புகுந்தான். கத்தியைக் காட்டி, புறா பதித்த அவருடைய தாலிச் சங்கிலியைக் கழுத்தோடு பிடித்து இழுத்தான். அந்தம்மா லேசுப்பட்டவர் இல்லை. குளிக்கக் காய்ச்சி வைத்திருந்த வெந்நீரைச் சொம்பில் மொண்டு அவன்மேல் வீசினார். திருடன் அறுந்த சங்கிலியோடு அலறிக்கொண்டு ஓடிப் போனான். மறுநாள் பாலகுரு வெந்துபோன வலது கையோடு கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரியில் போய் நிற்க, தீக்காயத்தோடு யார் வருகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்த போலீஸ் அவனை அமுக்கியது.

கை எப்படி வெந்தது என்று கேட்டதற்கு, எங்க குப்பத்து டீக்கடையில் பாய்லர் தண்ணீர் கொட்டிவிட்டது என்றான். டீக்கடைக்காரர் கோர்ட்டில் வந்து, அன்றைக்குக் கடையே திறக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அவன் கதை முடிந்தது. சங்கிலி கிடைக்கவில்லை, முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கை வெந்திருக்கிறது, அதற்குச் சொன்ன காரணம் பொய். ஐந்து வருஷம் கடுங்காவல். தீர்ப்பான நாளிலிருந்து காலாப்பட்டு ஜெயிலில் ஒன்றரை வருஷம் கழித்துவிட்டான்.

அப்பீலை நடத்துகிற வக்கீல் அறிவுமதி கெட்டிக்காரப் பெண். வாதம் எல்லாம் பிரமாதமாகச் செய்தாள். கடைசியில் ஜட்ஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். திருடவில்லை என்றால் கை எப்படி வெந்தது, ஏன் பொய் சொன்னான்? அறிவுமதி ஜெயிலுக்கு ஓடிப் போய் அவனிடம் கெஞ்சியிருக்கிறாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்க மேடம், அஞ்சு வருஷம்தான" என்றானாம். இங்கே தோற்றால் சென்னை ஹைகோர்ட். அங்கே முறை வருவதற்குள் அவன் தண்டனையே முடிந்துவிடும்.

அவனுடைய அம்மா வீராயி மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். தினமும் வியாபாரம் முடிந்ததும் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். "நெசமான திருடனப் புடிச்சுக் குடுங்கய்யா." சாப்பிட்டீர்களா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். சாப்பிட்டிருக்க மாட்டார் என்று முகத்திலேயே தெரியும். அவரைப் பார்த்தாலே எனக்கு வருகிற வேதனை கோபமாக மாறி முசேவின் தலையில் விடியும்.

அன்று மதியம் அறிவுமதி பாலகுருவின் கைப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். கேஸ் கட்டில் இருந்த நகல் கறுப்பு மை அப்பியது. இது அசல் கலர். முசே அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வண்டிய எடு. நெல்லித்தோப்பு" என்றார்.

"சாப்பாடு?"

"தண்ணி கெடைக்கும்."

அது எவ்வளவு உண்மையான வாக்கு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

லூர்துசெல்வி எங்களைப் பார்த்ததும் தையல் மிஷினை நிறுத்தாமலே, திருட்டுப் பயலுக்கு வக்காலத்து வாங்க வந்தீர்களா என்று கேட்டார். முசே கோபப்படவில்லை. ரொம்பப் பணிவாக, மதாம், அன்றைக்கு எப்படி வீசினீர்கள் என்று ஒரே ஒரு தடவை செய்து காட்ட முடியுமா என்றார். என்னைத் திருடனாக நிற்க வைத்தார். நான் அந்தம்மாவின் கழுத்தைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவர் குழாயடியில் சொம்பை நிரப்பினார். ரெடியா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, பளிச்சென்று வீசிவிட்டார். அதில் கொஞ்சம் நிஜக் கோபமும் கலந்திருந்தது என்பது என் அபிப்பிராயம்.

முசே என்னை விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோலச் சுற்றிவந்து பார்த்தார். கன்னத்தில் ஈரம். தோளில் ஈரம். கையில் முழங்கைக்கு மேலேகூடத் திட்டுத் திட்டாக ஈரம். சங்கிலியைப் பிடிக்க மூடியிருந்த உள்ளங்கை மட்டும் காய்ந்தே இருந்தது.

பிறகு போனை எங்கள் முன்னால் நீட்டினார். பாலகுருவின் கை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை முன்னும் பின்னும் ஒரே மாதிரி வெந்திருந்தது. மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே ஒரு பொட்டுக் காயம் இல்லை.

"வீசின தண்ணி கோடு கிழிச்சுக்கிட்டா நிக்கும்?" என்றேன் நான்.

லூர்துசெல்வி படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். போலீஸ் நடத்திய அடையாள அணிவகுப்பில் பாலகுருவின் கையில் கட்டுப் போட்டிருந்ததாம். வெள்ளைக் கட்டைப் பார்த்ததும் ஆத்திரத்தில் இவன்தான் என்று கையைக் காட்டிவிட்டாராம். "நான் ஆளப் பாக்கல, கட்டத்தான் பாத்தேன்" என்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து போய் எனக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

வாசலில் நின்று தலையைத் துவட்டும்போது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "தெரிஞ்சே வெந்நீர்ல கைய விடறது எங்கம்மா ஒருத்திதான் முசே. கெளுத்தி மீன் ஆயறப்ப முள்ளு குத்திட்டா அடுப்புல தண்ணியப் போட்டுக் கைய முக்கிக்கிட்டு, ஏசுவே மாதாவேன்னு உக்காந்திருக்கும்."

முசே ஸ்கூட்டியில் ஏறப் போனவர் நின்றுவிட்டார். "கெளுத்தி குத்தினா எதுக்கு வெந்நீர்?"

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இந்த ஊரில் பிறந்துவிட்டு இது தெரியாதா? வலி உயிர் போகும், வெந்நீரில் வைத்தால் விஷக் கடுப்பு இறங்கும், எல்லார் வீட்டிலும் செய்வதுதான் என்றேன். கை மரத்துப்போய்ச் சூடு உறைக்காமல் சில பேருக்குத் தோலே வெந்துவிடும் என்றும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விஷயம் விளங்கிவிட்டது. முசே படத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பெரிதாக்கிக் காட்டினார். வெந்த தோலுக்கு நடுவே மச்சம் மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி, முள் இறங்கிய இடம்.

"அலோர்" என்றார். பிரெஞ்சு வந்துவிட்டால் அவர் மூளை ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவர்தான் அடக்கினார். மீன்காரனுக்கு மீன் குத்துவது தையல்காரிக்கு ஊசி குத்துவது மாதிரி. அதில் மறைக்க என்ன இருக்கிறது? கெளுத்தி குத்தியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். அதைச் சொல்லாமல் ஒருத்தன் ஏன் ஜெயிலுக்குப் போகிறான்?

"டீக்கடைக்காரர் அன்னைக்குக் கடை தெறக்கலைன்னாரே, ஏன் தெறக்கலைன்னு யாராவது கேட்டாங்களா?" என்றார் முசே.

யாரும் கேட்கவில்லை. அரசு வக்கீலுக்குப் பொய் நிரூபணமானதே போதும். பாலகுருவின் பழைய வக்கீலுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

குப்பத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. டீக்கடை திறந்திருந்தது. அதன் பக்கத்துச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு, இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி. முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர் படம். மறைவு தேதியைப் பார்த்ததும் நான் முசேவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அக்டோபர் ஒன்பது. திருட்டு நடந்தது மறுநாள் விடியற்காலை.

டீக்கடைக்காரர் சக்கரபாணி எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டே எல்லாம் சொன்னார். போர்டில் இருப்பது ஊர்த் தலைவர் காத்தவராயனின் அப்பா. பொழுது சாய்ந்ததும் செத்தார், மறுநாள் உச்சி வெயிலில் எடுத்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை கடை திறக்கக் கூடாது, அடுப்பு மூட்டி வியாபாரம் செய்யக் கூடாது, ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்கக் கூடாது. மீறி இறங்கினால்? சக்கரபாணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மீறினவன் குடும்பத்தோடு ஊர் நல்லது கெட்டது வைத்துக்கொள்ளாது, கொடுத்த பெண்ணையும் எடுத்த பெண்ணையும் பிரித்து நிறுத்திவிடும், பேசி வைத்த கல்யாணமும் நடக்காது என்றார். அவருக்குத் தெரிந்து அப்படி யாரும் இறங்கினதில்லையாம்.

நான் மறுபடி போர்டைப் பார்த்தேன். கீழே வருந்துகிற பேரன் பேத்திகளின் படங்கள். பேரன் விமல்ராஜுக்குப் பக்கத்தில், பேரன் மனைவி என்று போட்டு, ஒரு சிரித்த முகம். எனக்குத் தெரிந்த முகம். முந்தாநாள் வீராயியோடு எங்கள் படியில் வந்து உட்கார்ந்திருந்த அவர் மகள் சங்கவி.

டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

வீராயி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, திருடன் கிடைச்சுட்டானாய்யா என்றார். முசே பதில் சொல்லாமல் அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

"நாலு நாளா திருடனப் புடிங்க திருடனப் புடிங்கன்னே சொன்னீங்க. உங்க புள்ள அன்னைக்கு எங்க இருந்தான்னு ஒரு தடவகூட நீங்க சொல்லவே இல்லயே வீராயம்மா. தண்ணி காய்ச்சினது யாரு?"

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துப் பேசினார்.

"நாந்தான் காய்ச்சினேன். நாந்தான் அவன் கையப் புடிச்சு முக்கினேன். சூடு தெரியுதாடா தெரியுதாடான்னு கேட்டேன். தெரியலம்மா, இன்னும் ஊத்துன்னான். வலியில அவனுக்குத் தெரியல. நான் ஊத்திட்டேன்."

மீதியை விட்டு விட்டுச் சொன்னார். சாவு விழுவதற்கு முன்னாலேயே பாலகுரு கடலில் வலை விட்டுவிட்டு வந்திருந்தான். காலையில் போய் எடுக்க வேண்டும். அதற்குள் தலைவர் வீட்டில் சாவு. வலை அப்படியே கிடந்தால் விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விடும். அவனிடம் இருந்தது அந்த ஒரு வலைதான். விடிவதற்கு முன்னால் போய் வலையை மட்டும் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம், மீனைத் தொடக்கூடப் போவதில்லை என்று போனான். சிக்கியிருந்த கெளுத்தியை எடுத்துக் கடலிலேயே விடப் போனபோது குத்திவிட்டது. சங்கவியைத் தலைவர் மகன் விமல்ராஜுக்குப் பேசி முடித்து, தாம்பூலம் மாற்றியிருந்த சமயம் அது. மாப்பிள்ளையின் தாத்தா பிணமாகக் கிடக்கும்போது மச்சான் கடலுக்குப் போனான் என்று தெரிந்தால் அந்தக் கல்யாணம் அன்றோடு சரி. ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டதும் பதற்றத்தில் டீக்கடை என்று உளறிவிட்டான். கடை மூடியிருந்தது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அதற்கப்புறம் அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"கோர்ட்டுல விட்டுருவாங்கன்னு நெனச்சோம்" என்றார் வீராயி. "தப்பு செய்யாதவன எப்படிப் புடிச்சு வெப்பாங்கன்னு நெனச்சோம். பொண்ணு கழுத்துல தாலி ஏறினதும் சொல்லிரலாம்னு பாத்தேன். ஏறினதும் அவ முழுவாம இருக்கான்னு வந்துச்சு. பொறந்ததும் சொல்லலாம்னு பாத்தேன். ஒரு புள்ளயக் காப்பாத்த இன்னொரு புள்ளயக் கொன்னுட்டேன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

முசே அறிவுமதிக்குப் போன் போட்டார். அவள் ஒரே மூச்சில் பேசினாள். அப்பீலிலும் புது சாட்சியைக் கேட்கச் சொல்லி மனு போடலாம், தீர்ப்பு வாசிக்கிறதுக்கு முன்னால் போட்டாக வேண்டும். ஆனால் பெற்ற தாய் மகனுக்காக எதையும் சொல்வாள் என்று அரசு வக்கீல் ஒரே வரியில் ஊதித் தள்ளிவிடுவார். இவனைக் காப்பாற்ற எந்த அவசியமும் இல்லாத ஒருத்தர் வந்து, அவன் கடலில் இருந்தான் என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருத்தர் இருக்கிறாரா?

இல்லை. அவன் போனதை யாரும் பார்க்கவில்லை என்றார் வீராயி. முசே போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிக் கைவிட்டு நின்று நான் பார்த்ததில்லை. வீராயி முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தார். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

காத்தவராயன் வாசலில் கட்டிலில் இருந்தார். சங்கவி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். வாங்க சம்பந்தியம்மா என்று எழுந்தார் காத்தவராயன். வீராயி கையை நீட்டித் தடுத்தார்.

"சம்பந்தியா வரல. ஊர்த் தலைவர்கிட்ட வந்திருக்கேன். உங்கப்பா பொணம் வூட்ல கெடக்கறப்ப எம் புள்ள கடல்ல எறங்கினான். நான் மறச்சேன். என்னா தண்டனையோ குடுங்க. ஆனா அவன் திருடல."

சங்கவி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த விமல்ராஜ் அவள் பக்கத்தில் போய் நின்றான். காத்தவராயன் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"தெரியும்."

அன்று விடிகிற நேரத்தில் அவர் அப்பாவைக் குளிப்பாட்டக் கடல் தண்ணீர் எடுக்கக் கரைக்குப் போயிருக்கிறார். அத்தனை மரமும் காய்ந்து கிடந்தது. பாலகுருவின் கட்டுமரம் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மணலில் இழுத்த தடம்கூட அழியவில்லை. கேட்டால் ஊரைக் கூட்ட வேண்டும். கூட்டினால் தண்டனை போட வேண்டும். போட்டால் மகனின் கல்யாணம் நிற்கும். அதனால் காலாலேயே அந்தத் தடத்தைக் கலைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிறகு அவனைத் திருட்டில் பிடித்தபோது, அவனே சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். அவன் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஒன்றர வருஷங்க. ஒரு மனுஷன் கம்பிக்குள்ள கெடக்கான். நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மறச்சு விளையாடிட்டு இருந்தீங்களா?" என்று கத்திவிட்டேன். முசே என் தோளைப் பிடித்தார். காத்தவராயன் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.

"தெனமும் என்னையே கேட்டுக்கறதுதான் பொண்ணே" என்றார். அப்புறம் எழுந்து துண்டை உதறினார். "கோர்ட்டுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஊரு கேக்கணும்."

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. காத்தவராயன் முதலில் தன்னைத்தான் சொன்னார். தலைவனாக இருந்து பார்த்ததை மறைத்தேன், இனி எனக்கு அந்த இடம் இல்லை என்று துண்டைக் கழற்றி மேடையில் வைத்தார். கூட்டம் சலசலத்தது. குடும்பத்தை ஒதுக்கி வைக்கிற பேச்சை இரண்டு பேர் எடுத்தார்கள். விமல்ராஜ் எழுந்து, என் மனைவியைப் பிரித்து நிறுத்தச் சொன்னால் நானும் அவளோடு ஊரை விட்டுப் போகிறேன் என்றான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. கடைசியில் பஞ்சாயத்தார் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். சாவு அன்று கடலில் இறங்கிய குற்றத்துக்காக, பாலகுருவின் மரம் ஒரு பருவம் முழுக்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது. அவன் ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும்.

வீராயி மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தார். நான் முசேவைப் பார்த்தேன். அந்த மனிதர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"தண்டனை குடுத்திருக்காங்க, இளிக்கிறீங்களே" என்றேன்.

"ஒரே காலையில ஒருத்தனுக்கு ரெண்டு தண்டனை லினெட். நெல்லித்தோப்புல இருந்ததுக்கு ஒண்ணு, கடல்ல இருந்ததுக்கு ஒண்ணு. ரெண்டுல ஒண்ணுதான் நெசமா இருக்க முடியும்."

மறுநாள் கோர்ட்டில் அறிவுமதி அந்த வரியைத்தான் அப்படியே எடுத்து வைத்தாள். முசே அவளிடம் அதற்கு வாடகை கேட்பதாக இருந்தார், நான்தான் வேண்டாம் என்றேன். ஜட்ஜ் தீர்ப்புக் கட்டைத் திறந்து வைத்திருந்தவர் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பின்வரிசை முழுக்கக் குப்பத்து ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே லூர்துசெல்வி, வீராயியின் கையைப் பிடித்துக்கொண்டு. தான் ஆளைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்க அவரே வந்திருந்தார்.

அரசு வக்கீல் விடவில்லை. காத்தவராயன் இவனுக்கு உறவுக்காரர், தங்கச்சியின் மாமனார், அதனால் காப்பாற்றப் பார்க்கிறார் என்றார். ஜட்ஜ் காத்தவராயனைப் பார்த்து, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்கப்பன் பொணத்துக்கு இவன் மரியாத குடுக்கலன்னு ஊரறியச் சொல்லிட்டு வந்திருக்கேங்கய்யா" என்றார் காத்தவராயன். "காப்பாத்தப் பொய் சொல்றவன் வேற எதனாச்சும் நல்ல பொய்யா சொல்ல மாட்டானா?"

ஜட்ஜ் படத்தைக் கையில் வாங்கி, மணிக்கட்டுக் கோட்டைப் பார்த்தார். பிறகு தீர்ப்புக் கட்டை மூடினார். புது சாட்சிகளை விசாரிக்க உத்தரவு. விசாரணை முடிகிறவரை தண்டனை நிறுத்தம், ஜாமீன். வீராயிக்கு இங்கிலீஷ் புரியவில்லை. நான் காதில் சொன்னேன். அவர் என் தோளில் சாய்ந்துவிட்டார். கனமே இல்லை.

காகிதம் காலாப்பட்டுக்குப் போய்ச் சேர இன்னொரு நாள் ஆனது. நாங்கள் ஜெயில் வாசலில் நின்றோம். முழங்கை தாண்டித் திட்டுத் தழும்போடு எவனோ ஒருவன் இந்த ஊரில் நடமாடுகிறான், அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முசே. நானும் சரி என்றேன். அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சின்னக் கதவு வழியாகப் பாலகுரு வந்தான். இளைத்துப் போயிருந்தான். அம்மாவைக் கண்டதும் அவன் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

"எதுக்கும்மா சொன்ன? சங்கவி வாழ்க்க என்னாவுறது?"

வீராயி நகர்ந்து நின்றார். பின்னால் குழந்தையோடு சங்கவி, அவள் பக்கத்தில் விமல்ராஜ், கொஞ்சம் தள்ளித் துண்டில்லாத தோளோடு காத்தவராயன். பாலகுரு ஒவ்வொருவராகப் பார்த்தான். அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. வீராயிதான் சொன்னார், ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது, ஒரு பருவம் நீ கடலில் இறங்கக் கூடாதாம் என்று.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஒன்றரை வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தேம்பிக்கொண்டே காத்தவராயனைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அது நான் செஞ்சதுக்கு" என்றான். "அத நான் ஏத்துக்கறேன்."

வீராயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டினார், ஆனால் அந்த வலது கையைத் தொட அவருக்குத் துணிச்சல் வரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. பாலகுருதான் தழும்பேறிய அந்தக் கையை எடுத்து அம்மாவின் உள்ளங்கைக்குள் வைத்தான்.